நெடுமடைக் கண்மாயில் டெஸ்க்டாப் திறந்த கதை

நெடுமடையில் இந்தக் கதையை யார் சொன்னாலும் விசிறிச் சத்தத்திலிருந்துதான் தொடங்குவார்கள். மேலத்தெருவார் சொன்னாலும், கடைவீதியார் சொன்னாலும், கரையில் ஆடு மேய்க்கும் பெண்கள் சொன்னாலும், முதலில் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் விசிறி சுற்றியது, பிறகு பச்சை விளக்கு எரிந்தது, பிறகு ‘வெல்கம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதனடியில் வேல்மயில் என்ற பெயரும் தோன்றின, பிறகு ஒன்றும் தோன்றவில்லை. இதுவரை எல்லா வடிவங்களும் ஒன்றே. மாதம் எது என்பதில்தான் பாடபேதம் தலைகாட்டும். பங்குனிக் கடைசி என்பார் சிலர், சித்திரை பிறந்துவிட்டது என்பார் சிலர். ஆனால் கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, கருவேலம் அதன் நடுவயிறு வரைக்கும் இறங்கி, மடைக்கல்லின் மேல் ஓணான் படுத்து உறங்கிய கோடை அது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

பேருந்து நிற்கும் ஆலமரத்துக்கு எதிரே, அந்தப் பெட்டி இருந்த கடையைப் பஞ்சவர்ணம் நடத்திவந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பாஸ்போர்ட் அளவுப் படம், பட்டா மாற்றத்துக்கான விண்ணப்பம் என்று நெடுமடைக்காரர் ஒருவர் பிறந்து வளர்ந்து மணந்து மறைவது வரையிலான அத்தனைக்கும் அவளுடைய ஒரே கம்ப்யூட்டர்தான் சாட்சி. அந்தச் சாட்சி எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தது. கணினிக்குள் வேறு அறைகள் இருப்பதைப் பஞ்சவர்ணம் அறிவாள். ஆனால் வேலை முடிந்து எழுந்திருக்கும் ஒவ்வொருவரும், “உள்ள எங்கேயும் போட்றாத தாயி, முன்னாடியே வையி, மறுபடி வருவேன்” என்று சொல்லிவிட்டே போனார்கள். உள்ளறையில் போட்டது பரணில் போட்டதற்குச் சமம், பரணில் போட்டது போட்டதுதான் என்பது அவ்வூரின் நம்பிக்கை. அதனால் மஞ்சள் கோப்புறைகள் வரிசை வரிசையாகத் திரையை நிறைத்து, பின்னாலிருந்த படத்தை மறைக்கத் தொடங்கியிருந்தன.

பின்னாலிருந்த படம் கண்மாய். பல ஆண்டுகளுக்கு முன்பு ஐப்பசியில் அது நிரம்பி மறுகால் பாய்ந்த நாளில் அவள் கணவன் வேல்மயில் கரைமேல் நின்று எடுத்தது. நீர் கண்ணெட்டும் தூரம்வரை கிடந்தது, நீருக்குள் வானம் கிடந்தது, கீழ்விளிம்பில் ஒரு துண்டுக் கரையும், கரைமேல் படம் எடுத்தவனின் நிழலும் கிடந்தன. இரண்டு கைகளையும் முகத்துக்கு உயர்த்தி, முழங்கைகள் விரிய நின்றிருந்ததால் அந்த நிழல் காது வைத்த அண்டாவைப் போலிருந்தது. மறுநாள் வேல்மயில் சரக்குக் கப்பலொன்றில் சமையல் வேலைக்குப் போனார். சில காலம் பேசினார். பிறகு அந்தக் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கைமாறிப் பெயரும் மாறியதாகச் சொன்னார்கள். பெயர் மாறிய கப்பலிலிருந்து அழைப்பு வரவில்லை. தேட வேண்டிய இடங்களிலெல்லாம் தேடியாயிற்று. கம்ப்யூட்டரை வாங்கியபோது அவர் தம் பெயரிலேயே அதைத் திறந்து வைத்திருந்ததால், ஒவ்வொரு காலையும் அது அவரை நல்வரவு கூறி அழைத்தது. உலகத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைக்க மிஞ்சியிருந்த ஒரே வாய் அதுவாக இருந்தது.

அன்று அது அழைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் நின்றது. திரை கறுப்பாக இருந்தது. நடுவில் வெள்ளை அம்பு மட்டும், கூப்பிட்ட வீட்டில் ஆளில்லாமல் வாசலில் நிற்கும் விருந்தாளியைப் போல நின்றது. சுட்டியை நகர்த்தினால் அம்பு நகர்ந்தது. பஞ்சவர்ணம் அணைத்துப் போட்டாள். கம்பிகளைப் பிடுங்கி ஊதிச் சொருகினாள். பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த நினைவுப் பட்டையை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தினாள். நெடுமடைப் பக்கத்தில் இறந்த கம்ப்யூட்டர் எதுவும் இந்த வைத்தியத்துக்கு எழுந்துவிடும். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, வேல்மயிலை வரவேற்றது, கறுத்தது.

அவளுக்குக் கவலை வந்ததா, நிம்மதி வந்ததா என்பதில் கதைசொல்லிகள் பிரிகிறார்கள். நிம்மதி என்பவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது. அதற்கு முந்தின மாலைதான் கொழுந்தன் சேதுபாண்டி கடைக்கு வந்து போயிருந்தான். வைகாசியில் அவன் மகள் நாகஜோதிக்குக் கல்யாணம்; பத்திரிகை இன்னும் அச்சாகவில்லை; அச்சாகாததற்கு ஒரு சொல்தான் காரணம். பெரியப்பன் பெயரில்லாமல் பத்திரிகை அடிக்க முடியாது. பெயர் போட்டால் அதன் முன்னால் ‘திரு’ என்று போடுவதா, ‘அமரர்’ என்று போடுவதா? பஞ்சவர்ணம் இரண்டு விதமாகவும் ஒவ்வொன்று செய்து டெஸ்க்டாப்பின் வலது ஓரத்தில் வைத்திருந்தாள். அவற்றுக்குக் கீழே, கொழுந்தன் கெஞ்சியதற்காகச் செய்து, ஒருபோதும் அச்சுக்கு அனுப்பாத ஒரு கண்ணீர் அஞ்சலியும் இருந்தது.

சேதுபாண்டி கெட்டவன் அல்லன். அண்ணன் தோளில் உட்கார்ந்து திருவிழாப் பார்த்தவன். மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், ‘பெரியப்பா என்னவானார்’ என்று. விடை சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் உண்டவர் இலையைத் தம் பக்கமாக மடிப்பார், உறவு நீளட்டும் என்று. துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார், இது இத்தோடு போகட்டும் என்று. அதைத்தான் அவன் சொன்னான். “எந்தப் பக்கம் இலைய மடிக்கிறதுன்னு தெரியாமலே உக்காந்திருக்கோம் மதினி. கை காஞ்சுபோச்சு.” ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று அவள் அனுப்பியிருந்தாள். நாளை வந்தபோது டெஸ்க்டாப் வரவில்லை.

ரப்பரால் தேய்த்து அவள் ஓய்ந்த நேரத்தில் டீக்கடை ஒச்சப்பன் கண்ணாடித் தம்ளரோடு வந்து, அதை மேசைமேல் வைத்துவிட்டு, கண்மாயில் தண்ணீர் நிற்பதாகச் சொன்னார். மழையில்லாமல் எப்படி என்று அவள் கேட்கவில்லை; எவ்வளவு என்றுதான் கேட்டாள். கரை முட்ட நிற்கிறது என்றார் அவர். பிறகு, போகிற போக்கில், “தண்ணிக்குள்ள மஞ்ச மஞ்சளா என்னமோ வரிசையா நிக்கிது பஞ்சு. ஓம் பொட்டிக்குள்ள இருக்குமே, அது மாதிரி” என்றார்.

அவள் கரைக்குப் போனாள். ஊரில் பாதி அங்கே நின்றிருந்தது. நீர் கண்ணெட்டும் தூரம்வரை கிடந்தது, நீருக்குள் ஐப்பசி வானம் கிடந்தது, மேலே கோடை வானம் வெளுத்துக் கிடந்தது. இடப்பக்கத்திலிருந்து மஞ்சள் கோப்புறைகள் வைக்கோற்போர் உயரத்தில், அவள் அடுக்கிய அதே வரிசையில், கழுத்தளவு நீரில் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் இட்ட பெயர் அலையில் ஆடியது. மடைக்குப் பக்கத்தில், திரை மூலையில் இருக்கும் ரீசைக்கிள் பின் என்ற குப்பைக்கூடையும் இருந்தது. கரைமேல், யாரும் நில்லாத இடத்தில், காது வைத்த அண்டாவைப் போல ஒரு நிழல் விழுந்திருந்தது. நின்றிருந்தவர்கள் அதை மிதிக்காமல் விலகியே நின்றிருந்தார்கள். ஏன் விலகினோம் என்று பின்னால் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பரமக்குடியிலிருந்து சிக்கந்தர் வெயில் தாழ வந்தான். சுற்று வட்டாரத்துக் கடைகளின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் மருத்துவன். திரையின் கறுப்பைப் பார்த்தான், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டான். சிறு கட்டமொன்று கறுப்பின்மேல் எழுந்து வந்தது. அதை மேலும் கீழும் உருட்டிப் படித்துவிட்டு முதுகைச் சாய்த்தான்.

“மிஷின் மேல குத்தமில்லக்கா. டெஸ்க்டாப் லோடாகித்தான் இருக்கு. இங்க ஆகல, அம்புட்டுத்தான்.”

“பாத்தியா நீ?”

“வர்ற வழிதானே. ரீசைக்கிள் பின்னுல எருமை ஒண்ணு படுத்திருக்கு.”

திருப்பிக் கொண்டுவர வழியுண்டா என்று அவள் கேட்டாள். உண்டு என்றான் அவன். “அதுவா வராதுக்கா. இந்தக் கட்டத்துல அதோட பேர அடிச்சு என்டர் தட்டணும். பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்க இருந்தாலும் வந்துரும்.” அவனே அந்த ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தும் வைத்தான். தட்டுவதற்கு விரலைத் தூக்கியவனை அவள் தடுத்தாள். தண்ணீரும் சேர்ந்து வந்துவிடுமா என்று கேட்டாள். படத்தை விட்டுவிட்டுக் கோப்புறை மட்டும் வராது என்று சிக்கந்தர் சொன்னான். பஞ்சவர்ணம் வாசலைப் பார்த்தாள். தலையில் குடத்தோடு பெண்கள் கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். குடங்கள் வெறுமையாக இருந்தன, முகங்கள் வெறுமையாக இல்லை. ‘டீ குடித்துவிட்டு வா’ என்று அவனை எழுப்பினாள். அவன் டீ குடித்துவிட்டு, அதைத் தட்டாமலே ஊருக்குப் போனான். போகும்போது, அவசரத்துக்குப் புதுப் பெயரொன்றில் கம்ப்யூட்டரைத் திறந்துகொள்ளலாம், ஆனால் அது காலி வீடாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நெடுமடை அந்தத் தண்ணீரோடு பழகியது. நனைக்காத தண்ணீர் அது. இறங்கினால் மார்பளவுக்கு நின்றது, ஏறினால் வேட்டி உலர்ந்திருந்தது. மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி கருமலை ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். நீர் வாய்க்கால் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டது. குடத்தில் மொண்டால் தண்ணீர் வரவில்லை, குளிர்ச்சி வந்தது; அந்தக் குடத்தை வைத்த அடுப்படிகளில் மாலைவரை வேர்க்கவில்லை. எருமைகள் இறங்கிப் படுத்துக் கண்களை மூடின. கொக்குகள் வந்து ஒற்றைக்காலில் நின்றன, மீன் அகப்படவில்லை, பசியோடு பறந்துபோய் வயல் நண்டுகளைத் தின்றுவிட்டு, மீண்டும் வந்து ஒற்றைக்காலில் நின்றன. பஞ்சாயத்துக் கூட்டத்தில் மீன்பாசிக் குத்தகையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. படத்து மீனைக் குத்தகைக்கு விட்டால் படத்து ரூபாய்தான் வரும் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது.

கோப்புறையின் மேல் இருமுறை தட்டினால் திறக்கும் என்பதைக் கண்டுபிடித்தது ஆடு மேய்க்கும் பெண்கள்தாம் என்று ஒரு வடிவம். எருமை முட்டித் திறந்தது என்று இன்னொரு வடிவம். திறந்தவுடன் உள்ளிருந்தவை நீர்மேல் பாய் விரித்தாற்போல விரிந்தன. அவரவர் தம் பெயருள்ளதைத் தேடி இறங்கினார்கள். பள்ளி வயதில் எடுத்த தம் பாஸ்போர்ட் படம் கதவளவில் மிதப்பதைக் கண்டு மீசைக்காரர் ஒருவர் அதன் எதிரே வெகுநேரம் நின்றார். பங்காளிச் சண்டையில் பாதியில் நின்ற பாகப்பிரிவினைக் கோப்பை இரு தரப்பும் சேர்ந்து திறந்து, நீருக்குள் நின்றபடியே படித்து, இடுப்புவரை குளிர்ந்திருந்ததாலோ என்னவோ, கத்தாமல் பேசினார்கள்.

நடுக்கண்மாயில் நின்ற பெரிய கோப்புறையில் அஞ்சலிகள் இருந்தன. அதைத் திறந்த மாலையில் ஊர் முழுவதும் கரைக்கு வந்தது. மறைந்தவர்களின் முகங்கள் நீர்மேல் பரவி, ஆம்பல் இலைகளைப் போல ஒன்றையொன்று தொட்டு அசைந்தன. துக்க வீட்டில் அழுவது போல யாரும் அழவில்லை. கரையில் குந்தி, வெற்றிலையை மடித்துக்கொண்டே, பேரன் பிறந்ததையும் பசு விற்றதையும் கிணற்றில் மோட்டார் பழுதானதையும் அந்த முகங்களுக்குச் சொன்னார்கள். அஞ்சலிக்குப் படம் சரியாக இல்லாதபோது பஞ்சவர்ணம் தலையை மட்டும் வெட்டி ஒரு கோட்டின் மேல் ஒட்டுவது வழக்கம். அதனால் பாதி முகங்கள் ஒரே நீலக் கோட்டில் இருந்தன. “துண்டு கூடப் போடாம அலைஞ்ச மனுசனுக்கு யாரு கோட்டு மாட்டுனது?” என்று ஒரு கிழவி கேட்டாள். பிறகு சற்றுத் தள்ளியும் கிட்டவும் நின்று பார்த்துவிட்டு, “இருந்தாலும் எடுப்பாத்தான் இருக்காரு” என்றாள்.

வேல்மயில் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதை அன்றே ஊர் கவனித்தது. அவருடைய அஞ்சலி வெளியே, வலது ஓரத்தில், நிழல் விழுந்திருந்த கரைக்குக் கீழே, இரண்டு பத்திரிகைகளோடு தனியாக நின்றது. அதை யாரும் தட்டவில்லை. சில நாள் பொறுத்து, சேதுபாண்டி செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு இறங்கினான். முதலில் ஒரு பத்திரிகையைத் திறந்தான், அதில் அண்ணன் ‘திரு’வாக இருந்தார். மற்றதைத் திறந்தான், அதில் ‘அமரர்’ ஆக இருந்தார். இரண்டும் அருகருகே விரிந்து ஊர் பார்க்கக் கிடந்தன. அஞ்சலியைத் தட்டக் கையை ஓங்கியவன், தலைக்கு மேலே கரையில் கிடந்த நிழலை ஏறிட்டுப் பார்த்து, கையை இறக்கிக்கொண்டு, ஏறி வந்துவிட்டான். காலையில் மேற்கே சாய்ந்து, உச்சியில் சுருங்கி, மாலையில் கிழக்கே நீளுவது நிழல்களின் வழக்கம். அந்த நிழல் மட்டும் எப்பொழுதும் ஒரே அளவில், ஒரே பக்கம், கைகளை உயர்த்தியபடி கிடந்தது. ஆடுகள் அதில் ஒதுங்கி அசைபோட்டன. கடையைச் சாத்தும் மதிய நேரங்களில் பஞ்சவர்ணம் வந்து அதன் ஓரமாக உட்கார்ந்தாள். யாரும் அவளோடு பேசப் போகவில்லை.

அதன்பின் ஊர் இரண்டுபட்டது. வேலை நின்றுபோனவர்கள், பத்திரிகையும் பட்டாவும் வேண்டியவர்கள், டெஸ்க்டாப்பைத் திரும்ப அழைத்துவிட வேண்டும் என்றார்கள். கரையில் வெற்றிலை மடிப்பவர்கள், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றார்கள். இரு சாராரும் பஞ்சவர்ணத்திடம் மரியாதையாகவே சொன்னார்கள். இரு சாராருக்கும் அவள் மரியாதையாகவே தலையசைத்தாள். அந்த ஒற்றை விசை அவள் விரலுக்கடியில் இருந்தது. அதைத் தட்டினால் தண்ணீர் போகும், மறைந்தவர்கள் போவார்கள், நிழல் போகும்; திரையில் மூன்று கோப்புகள் வந்து நின்று, ‘எது’ என்று கேட்கும். தட்டாவிட்டால் வைகாசி வந்துவிடும்.

நாகஜோதி ஒரு முற்பகலில் தனியாகக் கடைக்கு வந்தாள். கறுத்த திரையில் அசையாமல் நின்ற அம்பையும், அதன் பக்கத்தில் பாதியில் நின்ற கட்டத்தையும் பார்த்தாள். “பெரியம்மா, எம் பத்திரிகைக்காக ஒருத்தர் சாக வேண்டாம். பேர் இல்லாமலே அடிங்க” என்றாள்.

பேரில்லாமல் அடித்தால் பெரியப்பா கோபித்துக்கொள்வார் என்றாள் பஞ்சவர்ணம், வேறெங்கோ பார்த்தபடி.

“கோவிச்சுக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லதுதானே” என்று நாகஜோதி சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே கண்ணைத் துடைத்தாள். போகும்போது வாசலில் திரும்பி, கூப்பிடவில்லை என்றுதான் சின்ன அத்தை தன் சடங்குக்கே வரவில்லை, அதைப் போல இதுவும் ஒரு வருத்தமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

அவள் போனபின் பஞ்சவர்ணம் கறுத்த திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கதையின் எல்லா வடிவங்களும் இந்த இடத்தில் மெதுவாகும். சின்ன நாத்தனார் வராததை அவள் நினைத்தாள். வாசலுக்கு வந்து, தாம்பாளம் வைத்து, வாய்திறந்து அழைக்காத வீட்டுக்கு நெடுமடையில் உடன்பிறந்தவர்கூட வருவதில்லை. தெருவில் கண்டு சொன்னது அழைப்பாகாது, போனில் சொன்னது அழைப்பாகாது. வேல்மயில் போன நாளிலிருந்து அவரைத் தேடியிருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள், விசாரித்திருக்கிறார்கள், குறி பார்த்திருக்கிறார்கள். அழைத்ததில்லை. அழைத்துக்கொண்டிருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்தில். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடும் என்று சிக்கந்தர் டெஸ்க்டாப்பைப் பற்றிச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கட்டத்தில் அடித்திருந்த பெயரை அழித்தாள். சிக்கந்தர் சொல்லிவிட்டுப் போன வழியில் புதுப் பெயரில் திறக்க முனைந்தாள். யார் பெயர் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இத்தனை ஆண்டுகள் அதன் முன்னால் உட்கார்ந்தும் ஒருமுறையும் அதற்குத் தன் பெயரைச் சொன்னதில்லை, இப்போது சொன்னாள். விசிறி சுற்றியது, பஞ்சவர்ணத்துக்கு நல்வரவு என்றது, வெறும் நீலமாக ஒரு டெஸ்க்டாப் திறந்தது. குடி புகாத வீட்டைப் போல அது எதிரொலித்தது என்பார்கள்.

அதில் உட்கார்ந்து பத்திரிகையை முதலெழுத்திலிருந்து அடித்தாள். பிள்ளையார் சுழி, குலதெய்வம், மணமகள், மணமகன், முகூர்த்தம், மண்டபம். கடைசியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரியும் அதன்கீழ்ச் சுற்றத்தாரின் பெயர்களும். அச்சானவற்றைச் சேதுபாண்டி வந்து வாங்கி, விரலை வைத்துக்கொண்டு பெயர்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தான்.

“அண்ணன் பேரு எங்க மதினி?”

அவள் ஓர் உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மூலைகளில் மஞ்சள் தடவிய உறை. அதன்மேல், பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில், கையெழுத்தில், திரு. வேல்மயில் அவர்கள் என்று இருந்தது.

சேதுபாண்டி அதைத் தொடாமல் நின்றான். அண்ணன் கல்யாணத்துக்கு விருந்தாளியா என்று கேட்டான். அவள் சொன்னாள்: “வந்தா வீட்டுக்காரர். வர்றவரைக்கும் அழைக்க வேண்டியவர். நாம யாரும் இன்னும் அழைக்கலையே தம்பி. மூத்தவரைத் தாம்பாளம் வச்சு அழைக்காம எப்படி வருவாரு?”

“தபால்ல சேத்துற முடியாதுல்ல இத” என்றான் சேதுபாண்டி.

“தபால்ல வந்தா ஒங்கண்ணன் பிரிச்சே பாக்க மாட்டாரு” என்றாள் அவள்.

அன்று வெயில் சாய்ந்தபோது சேதுபாண்டியும் அவன் மனைவியும் நாகஜோதியும் குளித்து, புதுத்துணி உடுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ, மேலே அந்த உறை என்று வைத்துக்கொண்டு, தெரு வழியாகக் கரைக்குப் போனார்கள். பஞ்சவர்ணம் முன்னே நடந்தாள். டீக்கடை ஒச்சப்பன் அடுப்பை அமர்த்திவிட்டுப் பின்னால் சென்றார். கரையில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஆடுகளை ஒருத்தி நிழலைவிட்டு ஓட்டினாள். பஞ்சவர்ணம் நிழலின் பக்கமாகப் போய், வீட்டுக்காரி நிற்க வேண்டிய இடத்தில், விருந்தினரை நோக்கித் திரும்பி நின்றாள். சேதுபாண்டி தாம்பாளத்தை நிழலுக்கு எதிரே நீட்டினான். சொல்ல வேண்டியதை அவன் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். நின்றபோது அது மறந்துபோய்விட்டது.

“அண்ணே, பாப்பாவுக்குக் கல்யாணம்” என்றான். “வந்துருண்ணே.”

நீர் அசையவில்லை. கொக்குகள் அசையவில்லை. நிழல், உயர்த்தி வைத்திருந்த கைகளைக் கீழே இறக்கியது.

கண்ணால் கண்டவர்கள் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. நெடுநேரம் சுமை தூக்கியவன் இறக்கிவைப்பது போல இறக்கியது என்பார்கள். அண்டா மறைந்து, தோளும் பக்கமும் உள்ள ஒரு மனித நிழலாக அது கரைமேல் கிடந்தது. பிறகு, மற்ற எல்லோருடைய நிழல்களும் அந்த வேளையில் நீளுவதைப் போல, அதுவும் நீண்டது. பஞ்சவர்ணத்தின் நிழலுக்குப் பக்கத்தில் அவளுடையதைவிடச் சற்று அதிகமாகவே நீண்டது; வேல்மயில் உயரமானவர். இரண்டும் கரையை விட்டு இறங்கி, ஊரை நோக்கிப் போகும் பாதையில் படிந்து, பொழுது அமர்ந்தபோது, நிழல்கள் போவது போலப் போயின. தண்ணீரும் அப்படியே, வடியாமல், ஒலியில்லாமல், பொழுதோடு போயிற்று.

மறுநாள் கண்மாய் வறண்டிருந்தது. வெடிப்புகள் மூடியிருந்தன என்பது கருமலை வகையறாவின் கூற்று. பழையபடியே இருந்தன என்பது மற்றவர்களுடையது. தாம்பாளம் மட்டும் கரையில் இருந்தது, தேங்காயும் பழமும் இருந்தன, உறை இல்லை. பஞ்சவர்ணம் கடையைத் திறந்து கம்ப்யூட்டரை முடுக்கினாள். இரண்டு பெயர்கள் அருகருகே வந்தன. வேல்மயில் என்ற பெயரை அழுத்தினாள். வரவேற்றது, திறந்தது. மஞ்சள் கோப்புறைகள் ஒன்றும் குறையாமல் வரிசையில் நின்றன. பின்னாலிருந்த படத்தில் நீர் இருந்தது, நீருக்குள் வானம் இருந்தது, கீழே ஒரு துண்டுக் கரை இருந்தது. கரைமேல் வெயில் மட்டும் இருந்தது. வலது ஓரத்து அஞ்சலியை அவள் இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டாள். எருமை படுத்த இடம் என்ற நினைப்பு வந்து சிரித்தாள்.

வைகாசியில் நாகஜோதியின் கல்யாணம் நடந்தது. முதற்பந்தியின் கடைசியில் ஓர் இலையை அதிகமாகப் போடச் சொன்னவள் பஞ்சவர்ணம். பரிமாறச் சொன்னவன் சேதுபாண்டி. அந்த இலையைப் பற்றிய செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சோறு வைத்தவர்கள், இரண்டாம் முறை சாம்பார் ஊற்றியதாகச் சொல்கிறார்கள். அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், கப்பல் சமையலில் உப்பு எப்படி அளப்பார்கள் என்று யாரோ தமக்கு விளக்கியதாகவும், யாரென்று முகம் பார்க்கத் தோன்றவில்லை என்றும் சொல்கிறார். தண்ணீர் வைத்தவர், அங்கே யாரையும் தாம் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். பாயசம் மிச்சமிருந்ததா இல்லையா என்பது இன்றும் வழக்கில் இருக்கிறது.

பந்தி எழுந்தபின் இலை எடுக்க வந்த பெண்கள் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, அதைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். அந்த இலை, உண்டவர் தம் பக்கமாக மடித்த இலையாக இருந்தது. அதில் மட்டும் பாடபேதம் இல்லை.